கதவு சாத்திய ஊர்கள்



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஓசூரில் காலை ஏழு மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். சந்திரசூடேஸ்வரர் மலை பனிமூட்டத்துக்குள் போய்விடும். மணியோசை மட்டும் கீழே இறங்கி வரும். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக எல்லோரும் ஒரே ஆள் போலத் தெரிவார்கள். தெற்கே தளிப் பக்கம் போனால் குளிர் இன்னும் கொஞ்சம் கூடும். 'குட்டி இங்கிலாந்து' என்று வெள்ளைக்காரர் காலத்தில் வந்த பெயர் அந்த ஊருக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு மார்கழி என்றால் கோலமும் திருப்பாவையும். எங்களுக்கு அவற்றோடு இன்னொன்றும் உண்டு: அவரைக்காய்.

சுற்றுக் கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். காயை உரித்துக் கொட்டையை எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மேல்தோல் தளர்ந்ததும் விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்தினால் பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. கேழ்வரகுக் களிக்கு அந்தக் குழம்பைப் போல வேறொன்று இல்லை. ஆனால் ஒரு வீட்டுக் குழம்புக்கே நூற்றுக்கணக்கில் கொட்டை பிதுக்க வேண்டும். தனி ஆளாக உட்கார்ந்தால் விரல் ஓய்ந்துபோகும். அதனால் அக்கம்பக்கம் கூடும். கூடினால் பேச்சு வரும். பேச்சு தீர்ந்தால் கதை வேண்டும்.

இந்த மார்கழியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று இரவுகள் அப்படி ஒரு கதை நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கம்.

வந்தவர்கள் மூன்று பேர். எதிர்வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி. மூன்றாவது, தெருக் கடைசியில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒற்றை அறைகளில் ஒன்றில் தங்கியிருக்கும் போளூர்த் தம்பி, சிப்காட் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். அவருக்குப் பகல் ஷிப்ட். நான் அப்போது ஓர் ஐஸ்லாந்து நாவலை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன கதைக்கா?" என்றார் தம்பி. "கொலைக் கதை. பனி ஊர்ல நடக்குது" என்றேன். "சொல்லுங்க, கேப்போம்" என்று பாட்டி முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாவலின் பெயர் 'ஸ்நோபிளைண்ட்'. எழுதியவர் ராக்னர் யோனாசன். 2010-இல் ஐஸ்லாந்து மொழியில் வந்தது. குவென்டின் பேட்ஸின் மொழிபெயர்ப்பில் 2015-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. ராக்னர் வழக்கறிஞர். அகதா கிறிஸ்டியின் மேல் உள்ள பிரியத்தில் பள்ளி வயதிலேயே அவரை மொழிபெயர்க்கத் தொடங்கி, 14 நாவல்களைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தவர். தனக்கென ஒரு கதைக்களம் தேடியபோது அவர் லண்டனுக்கோ தலைநகர் ரெய்க்யவிக்குக்கோ போகவில்லை. தன் தந்தை வளர்ந்த, தாத்தா பாட்டி வாழ்ந்த சிக்லுஃபியோர்துர் என்ற வடகோடிச் சிற்றூருக்குப் போனார்.

முதல் இரவு முழுக்க அந்த ஊரைத்தான் சொன்னேன். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். கதை நடக்கும் காலத்தில் ஊருக்குள் வருவதற்கு 1967-இல் மலையைக் குடைந்து திறந்த ஒற்றை வழிச் சுரங்கப்பாதைதான். மக்கள் தொகை ஏறத்தாழ 1,200. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை சூரியன் மலைக்கு மேலே எழும்பாது. வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. திரும்ப முதல் வெயில் ஊருக்குள் விழும் நாளில் வீடு வீடாக அப்பம் போலப் பான்கேக் சுட்டுக் கொண்டாடுவார்கள். "நம்ம பொங்கல் மாதிரிதான்" என்றாள் பேத்தி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகச் சொன்னது.

அந்த ஊருக்கு ஆரி தோர் என்ற இளைஞன் வருகிறான். இறையியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போலீஸ் பயிற்சிக்குப் போனவன். 2008-இல் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்த நேரம் அது. வேலை கிடைப்பதே அரிது என்பதால், காதலியைத் தலைநகரில் விட்டுவிட்டு, கிடைத்த வேலைக்குக் கிளம்பி வந்துவிடுகிறான். வந்தவனுக்கு மேலதிகாரி சொல்லும் தைரியம், இந்த ஊரில் எதுவுமே நடக்காது என்பது. யாரும் வீட்டைப் பூட்டுவதுகூட இல்லை. பனி கொட்டுகிறது. மலைகள் நெருங்கி வருவது போல அவனுக்கு மூச்சு முட்டுகிறது. புதிய ஊரில் முதல் மாதம் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறவனின் தனிமையை ராக்னர் அவசரப்படாமல் எழுதுகிறார்.

அந்த இடத்தில் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, கொலை எப்ப வரும்?"

பாட்டி முந்திக்கொண்டார். "ஊறட்டும்டா. ஊறாத கொட்டையப் பிதுக்கினா நசுங்கித்தான் போவும்."

குளிர் ஊர்க் குற்றக் கதைகளைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இவ்வளவு சரியான வாக்கியம் கிடைத்ததில்லை. இந்த வகை நாவல் ஊறவைக்கும் கலை. முதல் ஐம்பது பக்கத்தில் பனியும் இருட்டும் காற்றும்தான் வரும். அவற்றில் ஊறி, மனிதர்களின் மேல்தோல் மெல்ல மெல்லத் தளரும். பக்கத்து வீட்டார் என்ன பேசிக்கொள்கிறார்கள், யார் யாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள், எந்தப் பெயரைச் சொன்னால் அறை அமைதியாகிறது என்பதெல்லாம் நமக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு குற்றம் நடக்கும்போது, இறந்தவர் நமக்கு அந்நியர் இல்லை.

இரண்டாம் இரவு குற்றம் வந்தது. ஊரின் நாடகக் குழு ஒரு நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறது. முதல் காட்சிக்குச் சற்று முன்னால், அந்த ஊரின் பெருமையான முதிய எழுத்தாளர் அரங்கத்தின் படிக்கட்டில் விழுந்து இறந்துகிடக்கிறார். தவறி விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா? சில நாளில் ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்துப் பனியில் ரத்தம் சூழ, நினைவின்றிக் கிடக்கிறாள். பிறகு பனிச்சரிவு விழுந்து ஊருக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகிறது. குற்றம் செய்தவர் ஊரை விட்டு வெளியே போக முடியாது. உதவியும் உள்ளே வர முடியாது. மேலே என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் இன்பத்தைக் கெடுப்பது பாவம்.

பாட்டி விரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அது சின்ன ஊருதானே? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் இல்ல? அப்புறம் ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

அந்தக் கேள்வியில்தான் இந்த நாவல்களின் உயிர் இருக்கிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிவதால்தான் யாரும் பேசுவதில்லை. நாளைக்கும் அதே கடையில் ரொட்டி வாங்க வேண்டும், அதே தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். சாலை மூடிய ஊரில் ஒருவரைப் பகைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுவதும் தனியாகக் கிடக்க வேண்டும். அதனால் தெரிந்ததை விழுங்கிவிடுகிறார்கள். இருபது முப்பது ஆண்டுகள் அந்த மௌனம் சேர்ந்து ஒருநாள் பனிச்சரிவு போல இறங்குகிறது. வெளியூரிலிருந்து வந்தவன் மட்டும்தான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்க முடிகிறது. ஆரி தோரை ஊர் ஒதுக்கிவைக்கிறதே, அந்த ஒதுக்கம்தான் அவனுக்குக் கண்ணைத் திறந்துவைக்கிறது.

ஐஸ்லாந்தில் ஆண்டுக்கு நடக்கும் கொலைகளைப் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அங்கே குற்ற நாவலுக்குக் குறைவில்லை. அர்னால்தூர் இந்த்ரிதாசனின் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்' 2005-இல் பிரிட்டனின் தங்கக் கட்டாரி விருதை வாங்கியது. மறு ஆண்டு பிரிட்டனின் குற்ற எழுத்தாளர் சங்கம் தன் உயரிய விருதைக் கொடுத்த ஆன் கிளீவ்ஸின் 'ரேவன் பிளாக்' நாவலும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் பனியில் நடப்பதுதான். குற்றம் குறைந்த ஊர்களில் குற்றக் கதை ஏன் இப்படிச் செழிக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மரணம் ஊரையே நிறுத்தி வைக்கிறது. ஒரே ஒரு உயிர் போனாலும் ஏன், எப்படி, யார் என்று முந்நூறு பக்கத்துக்கு ஒருவன் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நான் அப்படிச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த ஊருல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்க்கா. நம்ம ஊருல யாருக்கும் யாரையும் தெரியாது. என் பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்காரு. ஒடிசாக்காரர்னு நெனைக்கிறேன். அவருக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல். எட்டு மாசமாச்சு. பேரு தெரியாது. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனா போலீஸ் என்னைத்தான் வந்து கேக்கும். நான் என்ன சொல்லுவேன்?"

வாசகர்களே, அந்தக் கேள்வி என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. இந்த இதழுக்கு வருவதற்கு முன்பு நான் பல ஆண்டுகள் இந்தப் பக்கத்துச் செய்தியாளராக இருந்தவள். 'அடையாளம் தெரியாத ஆண் சடலம்' என்று தொடங்கும் நாலு வரிச் செய்திகளை எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. நெடுஞ்சாலை ஓரம், தண்டவாளம், ஏரிக்கரை. வயது சுமார் முப்பத்தைந்து இருக்கலாம், நீல நிறச் சட்டை அணிந்திருந்தார், போலீஸார் விசாரிக்கின்றனர். அவ்வளவுதான். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். இரண்டு மாநிலம், மூன்று நான்கு மொழி, ஆயிரம் மைல் தள்ளியிருந்து வந்த பிள்ளைகள். எழுபதுகளில் சிப்காட் வந்ததிலிருந்து இந்த ஊர் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்த நன்றி எனக்கு நிறைய உண்டு. ஆனால் நம் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தவர்களின் பெயரை நாம் கேட்டுவைக்கவில்லை.

ராக்னரின் சிக்லுஃபியோர்துரும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற தொழில் ஊர்தான். 1903-இல் நார்வேக்காரர்கள் வந்து ஹெர்ரிங் மீன் பிடிக்கத் தொடங்கிய பிறகு அது நாட்டின் மீன் தலைநகரம் ஆனது. கோடையில் ஐஸ்லாந்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் இளம்பெண்கள் வந்து, மீனுக்கு உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கும் வேலை செய்தார்கள். நெருக்கமான அறைகளில் அடுக்குக் கட்டிலில் தங்கினார்கள். அறுபதுகளின் கடைசியில் மீன் அற்றுப்போனது. மூவாயிரத்தைத் தாண்டியிருந்த ஊர் பாதிக்கும் கீழே சுருங்கியது. ஆனால் அந்தப் பெண்கள் தங்கிய விடுதிக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் இடித்துவிடவில்லை. அதை அருங்காட்சியகமாக்கி, அவர்கள் படுத்த கட்டிலையும் போட்ட உடையையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, இங்கே விடுதிகளில் தங்கி, மொபைல் உதிரிபாகம் செய்யும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். நாளைக்கு அவர்களை நினைக்க நம்மிடம் என்ன இருக்கும்?

மூன்றாம் இரவு தம்பி தனியாக வரவில்லை. பக்கத்து அறைக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. பெயரைத் தம்பியே பெருமையாகச் சொன்னார். ஒடிசாவில் எந்த மாவட்டம், வீட்டில் எத்தனை தங்கைகள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தவருக்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் வரும். ஆனால் பிதுக்கக் கற்றுக்கொள்ள மொழி தேவைப்படவில்லை. பாட்டி அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தார். பத்து நிமிடத்தில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று கதையை முடித்தேன். குற்றவாளி யார் என்று தெரிந்தபோது பாட்டி ஆச்சரியப்படவில்லை. "பழைய கணக்கும்மா" என்றார். பிறகு அவராகத் தொடங்கினார்: "கதவு சாத்தின ஊரு எங்களுக்கும் இருந்துச்சு. எங்கம்மா சொல்லும். தளிக்கு அந்தாண்ட, சிறுத்தை வந்த காலத்துல, பொழுது சாய்ஞ்சா முள்ளு வெட்டிக் கதவுல அடைச்சிருவாங்களாம். உள்ள அவ்வளவு பேரும் மூச்சு விடாம கெடப்பாங்களாம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அது எழுதப்பட்ட கதை. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர், எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே தளிக்கு அப்பாலுள்ள கும்மளாபுரத்துச் சிறுத்தையும் ஜவளகிரிப் பெண்புலியும் வருகின்றன. 1959-இல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை இருக்கிறது. அஞ்செட்டி, குந்துக்கோட்டை, காவிரிக்கரைக் காடுகள் எல்லாம் அவருடைய களம். கும்மளாபுரத்துச் சிறுத்தை 42 பேரைக் கொன்றது என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்தி சாய்ந்தால் முள்ளடைப்புக்குள் ஒடுங்கிக்கொண்ட ஊர், கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும் மிருகம், வெளியிலிருந்து தனியாக வந்து விசாரிக்கும் ஒருவன். குளிர், தனிமை, அச்சம், புலனாய்வு எல்லாம் சேர்ந்த அசலான கதவடைத்த ஊர்க் கதை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையிலேயே நடந்திருக்கிறது.

ஆண்டர்சனை வேட்டைக் கதை எழுதியவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவரைத் துப்பறியும் எழுத்தாளராகத்தான் படிக்கிறேன். கால் தடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, எந்தக் கால் ஊனம் என்று சொல்வார். கிராமத்தாரை உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மிருகம் ஏன் மனிதனைத் தின்னத் தொடங்கியது என்ற கேள்வியை விடமாட்டார். பல கதைகளில் அந்தத் தடம் மனிதனிடமே வந்து நிற்கும்: யாரோ ஒருவன் அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போன குண்டு, பிழைத்துக்கொண்டு இரை பிடிக்க முடியாமல் போன விலங்கு. கும்மளாபுரத்தில் அவர் கடைசியாக அந்தச் சிறுத்தையின் முன்னங்காலில் கண்ட காரணம் என்னவென்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்ன 'பழைய கணக்கு' காட்டுக்கும் பொருந்தும்.

இன்றும் கதவு சாத்திய இரவுகள் நமக்கு உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கிவரும். சானமாவுக் காட்டில் முகாமிட்டால், இரவில் வெளியே வராதீர்கள் என்று சுற்றுக் கிராமங்களுக்கு வனத்துறை அறிவிப்புக் கொடுக்கும். அந்த மௌனத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் எத்தனை கதைகள் இருக்கும்! அங்கிருந்து சில கிலோமீட்டரில், இருபத்துநாலு மணி நேரமும் உறங்காத நெடுஞ்சாலையும் தொழிற்சாலை விளக்குகளும். இப்படியொரு களம் ஐஸ்லாந்துக்காரருக்குக் கிடைத்தால் பத்து நாவல் எழுதியிருப்பார்.

தமிழுக்குக் குற்றக் கதை புதிதில்லை. 1894-லேயே நடேச சாஸ்திரி தானவன் என்ற துப்பறிவாளனை நமக்குக் கொடுத்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் சாம்பு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருவர் இருந்தார். ராஜேஷ்குமாரின் நாவலை பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி, சேலம் போய்ச் சேர்வதற்குள் முடித்தவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. தமிழில் வாசிப்புப் பழக்கத்தை உழைக்கும் மக்களிடம் கொண்டுசேர்த்த அந்தப் பணிக்கு நான் தலைவணங்குகிறேன். சுஜாதா நமக்குப் பக்கத்து ஊர்க்காரராகவே வாழ்ந்தார். பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே கணேஷையும் வசந்தையும் எழுதினார்.  நாட்டுப்பாடல் ஆராய வந்த நகரத்து இளைஞன் ஒரு கிராமத்து ஜமீன் பங்களாவில் தங்கி, அங்கே நடக்கும் கொலையில் சிக்குவதைச் சொல்லும் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் சுஜாதா ஊரை ஊறவைத்துத்தான் எழுதினார். அதனால்தான் அந்தக் கொலைகாரனை மறந்தவர்களுக்கும் அந்தக் கிராமம் மறப்பதில்லை.

நம் குற்றக் கதைகளில் வேகம் இருக்கிறது, திருப்பம் இருக்கிறது. ஊர் போதவில்லை. அதிலும் இந்த எல்லை மண் அறவே இல்லை. சினிமாவில் ஓசூர் என்றால் ஒரு செக்போஸ்ட்; கடத்தல் வண்டி கடந்து போகும் இடம். இங்கே பிறந்து, குளிரில் நடுங்கி, ரோஜாத் தோட்டத்தில் பனி காய்வதற்குள் பூ அறுத்து, மூன்று மொழியில் சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ்கிறவர்கள் கதைக்குள் வரவில்லை.

அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகு இந்த வகை நாவல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது தெளிந்துவிட்டது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு, வெளியே குளிர் அடிக்க, இன்னும் குளிரான ஓர் ஊரைப் படிக்கிற சுகம் ஒன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுகத்துக்குக் கீழே ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் 'அடையாளம் தெரியாதவர்' என்று யாரும் இல்லை. இறந்தவருக்குப் பெயர் உண்டு, பிடித்த நாற்காலி உண்டு, பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரர் உண்டு, யாருக்கும் அனுப்பாத கடிதம் உண்டு. அவர் ஏன் போனார் என்று கேட்பதற்கு, பனியில் நடந்து வர ஓர் ஆள் உண்டு. நல்ல குற்ற நாவல் மரணத்தைக் கொண்டாடுவதில்லை. ஒரு வாழ்க்கையும் கேட்பாரற்றுப் போகக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, வாசிப்பு. இந்தக் குளிர் முடிவதற்குள் ஓர் ஊர்க் குற்றக் கதையை மெதுவாகப் படியுங்கள். ஐஸ்லாந்து வேண்டுமானால் ராக்னர், நம் மலையடிவாரம் வேண்டுமானால் ஆண்டர்சன், தமிழ்க் கிராமம் வேண்டுமானால் சுஜாதா. ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இரவுக்கு ஓர் அத்தியாயம் வாயால் சொல்லுங்கள். கேட்பவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துவையுங்கள். அவை உங்கள் ஊரைப் பற்றிய கேள்விகளாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, எழுத்து. ஷிப்ட் முடிந்து வரும் தம்பிகளே, விடுதியில் இருக்கும் தங்கைகளே, பெட்டமுகிலாளத்து மலையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, இரவு ரோந்து போகும் காவலர்களே, வனக்காவலர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இந்த எல்லையின் குளிரில் நடக்கும் ஒரு குற்றக் கதையை எழுதி அனுப்புங்கள். தமிழ் முழுவதும் வராவிட்டால் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து, பேசுகிறபடியே எழுதுங்கள். சீர்செய்துகொள்ள நாங்கள் இருக்கிறோம். அடுத்த மார்கழி இதழை அந்தக் கதைகளுக்காகவே ஒதுக்கிவைக்கிறேன். களம் உங்கள் தெருவாக இருக்கட்டும். துப்பறிகிறவர் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மெஷின் ஓட்டுகிறவராகவோ பருப்புப் பிதுக்கும் பாட்டியாகவோ இருக்கலாம். கொலையே இல்லாமல், காணாமல் போன ஒருவரைத் தேடும் கதையாகவும் இருக்கலாம்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. உங்கள் கதையில் இறந்தவருக்கோ காணாமல் போனவருக்கோ ஒரு பெயர் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்